புற்றுமண் கலயம்

1951 மாசியில், எள் அறுத்த மறுநாள் காலை, பேச்சித்தாயின் மண்வெட்டி வரப்போரத்தில் அதைப் புரட்டிப் போட்டது. கட்டைவிரலைவிடப் பெரியது. எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும் பழுப்பு. காலோ வாயோ இல்லை. குச்சியால் தொட்டதும் வால்பக்கத்தை மட்டும் ஒருமுறை ஆட்டியது.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி முத்துத்தாயின் பங்கு. போன அமாவாசையன்று அவள் இதே இடத்தில் குனிந்திருந்தாள். கேட்டதற்குக் காலில் முள் என்றாள். பேச்சித்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இது ஐந்தாம் மாதம்.

எள் இலையைத் தின்ற பச்சைக் கொம்புப் புழுதான் மண்ணுக்குள் போய் இப்படிக் கூட்டுப்புழு ஆகியிருக்கும் என்றான் கணவன் வேல்சாமி.

"ஒங்க அண்ணன் பொஞ்சாதி பொதச்ச செய்வினைல்லா. ஒங்களுக்குப் புழுவாத்தான் தெரியும்."

எறிந்தால் திரும்பி வரும். எரித்தால் கருவுக்கு என்ன ஆகுமோ. கோமதியம்மன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தாள். எந்த விஷ ஜந்துவையும் அந்த மண் அடக்கிவிடும். அதை அரைக் கலயம் மண்ணோடு கலந்து, உள்ளே அந்தப் பழுப்பு ஜந்துவைப் புதைத்து, வாயைத் துணியால் கட்டி அடுப்படி மூலையில் வைத்தாள்.

அதன்பின் முத்துத்தாய் கொண்டுவந்த பலகாரமெல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கென்ன, அது மாடு என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒருநாள் விளக்கு ஏற்றும் நேரத்தில் முத்துத்தாய் சிரட்டையில் தேன் கொண்டுவந்தாள். சிவகிரியிலிருந்து அவள் அண்ணன் கொடுத்தனுப்பிய மலைத்தேன்.

"வயித்துப் புள்ளைக்கு நல்லதுட்டி. ஒரு வாய் நக்கு."

கலயத்துக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது.

"என்னத்தக் கட்டி வச்சிருக்க, எலியா?" சிரித்துக்கொண்டே முத்துத்தாய் ஒரு கையால் முடிச்சை இழுத்தாள். பேச்சித்தாயால் தடுக்க முடியவில்லை.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி விளிம்பில் ஏறி நின்றது. கருத்த இறக்கை. உடம்பில் மஞ்சள் பட்டைகள், விலா எலும்புபோல. முதுகில் ஒரு முகம் இருந்தது. இரண்டு கண்குழியோடு மண்டை ஓடு. சற்று நேரம் இறக்கைகள் நடுங்கின. பிறகு பறந்தது. விளக்கைச் சுற்றவில்லை. பேச்சித்தாயின் தோளை உரசிக்கொண்டு போய், முத்துத்தாயின் கையிலிருந்த சிரட்டையில் இறங்கித் தேனுக்குள் வாயை நீட்டியது.

முத்துத்தாய் சிரட்டையைக் கீழே போடவில்லை. அசையாமல் நின்றாள்.

பேச்சித்தாய் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க கை அதுக்கு எப்படித் தெரியும்?"