விடுபட்ட நாடு

தீமலையின் கொடுமுடியிலிருந்து எழுந்த புகை, காற்றின் போக்கிற்கேற்ப மேலைக்கடல் நோக்கிச் சாய்ந்து, உலர்த்துவதற்காக ஒருத்தி விரித்துவிட்டு மறந்துபோன வெண்டுகில் போல வானத்தில் நீண்டு கிடந்தது. அதன் சரிவெங்கும் அடர்ந்த சாதிக்காய்த் தோப்புகள் நண்பகல் மழையில் நனைந்து, இலைநுனிதோறும் ஒரு துளியைத் தாங்கி, விடுவதா வைத்திருப்பதா என்று எண்ணித் தயங்குவனபோல் நின்றன. மழைக்கு அஞ்சி உள்ளே வாரி எடுக்கப்பட்ட சாதிபத்திரி மீண்டும் முற்றங்களில் பாய்மீது பரப்பப்பெற்று, பவளம் சிதறியதெனச் சிவந்து மணம் பரப்ப, கரையில் ஏற்றி வைத்த படகுகளின் நிழல் கருமணல்மீது நீளத் தொடங்கிய பொழுது அது. அன்புடைய வாசகரே, எங்கள் சியாவுத் தீவில் புதன்கிழமைதோறும் இந்தப் பொழுதில்தான் உலகம் முழுவதும் ரொசித்தாவின் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேரும்.

அங்கே சுவரில் தொங்கிய உலகப்படம் ஓரங்கள் நைந்து, கடல்களின் நீலம் வெளுத்து, மடிப்பு விழுந்த இடங்களில் சில நாடுகளின் பெயரையே இழந்துவிட்டிருந்தது. ஆயினும் கீழைத்தெருப் பெண்கள் வாரம் ஒரு நாடாக அதனைக் கடந்து வந்தனர். சாதிக்காய் உடைத்த மணம் மாறாத கைகளைக் கோத்துக்கொண்டு, கண்களை மூடி, தாம் காணாத நாட்டு மக்களுக்காகவும், அம்மக்களை ஆள்வோருக்காகவும், அங்கே பசித்திருப்போருக்காகவும் ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு மன்றாடினர். பனியைக் கண்ணால் கண்டறியாத அப்பெண்கள், பனிநாட்டில் ஆடு மேய்ப்போரின் விரல்கள் விறைக்காதிருக்க வேண்டிக்கொண்டதை நான் என் செவியாலேயே கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் முடிக்கும்போது மற்றவர் அனைவரும் "ஆமென்" என்பர். 'அப்படியே ஆகுக' என்னும் பொருளுடைய அச்சொல் விழாதவரை எந்த மன்றாட்டும் அவர்களுக்கு முற்றுப்பெற்றதாகாது.

அன்றும் வழக்கம்போல் கூடம் நிறைந்திருந்தது. பொரித்த வாழைக்காயும் மிளகாய்த் துவையலும் மூலையில் மூடி வைக்கப்பட்டிருக்க, அதற்கு மிக அருகில் இடம் பிடித்திருந்த ஒக்தாவியா, "அக்கா, இன்னிக்காவது சின்ன நாடாப் பாருங்க. போன வாரம் மாதிரி பெரிய நாடுன்னா, நாம முடிக்கறதுக்குள்ள வாழைக்காய் ஆறிடும்" என்றாள்.

"உனக்கு நாடும் ஒண்ணுதான், வாழைக்காயும் ஒண்ணுதான்" என்று கூறியபடி எழுந்து, ரொசித்தா உலகப்படத்தின் அருகே சென்றாள்.

ரொசித்தா அக்கூட்டத்தின் தலைவி. நெடிய உருவமும் சுருங்கிய சொல்லும் உடையவள். தாயை இழந்த தன் தம்பி ஹெர்மானைத் தானே முதுகில் சுமந்து வளர்த்தவள். அந்த ஹெர்மானின் மனைவிதான் வாயிலருகே தனித்து அமர்ந்திருந்த தெர்பினா. அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சென்ற ஹெர்மான், கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி, கரைக்குக் கொண்டுபோகும்படி பலமுறை இரந்தும் கப்பல் தலைவன் செவிசாய்க்காமல், மீன்வேட்டையை நிறுத்த மனமில்லாமல் காலங்கடத்தியதால், வடகடலிலே உயிர்நீத்தான். அவன் உடலும் அக்கடலிலேயே விடப்பட்டது. உடன் வேலைசெய்த பெனோனி ஊர் திரும்பிச் செய்தி சொன்ன நாள்முதல் தம்பியை இழந்தவளும் கணவனை இழந்தவளுமாகிய இருவரும் ஒருவரையொருவர் தேற்றியிருக்க வேண்டும். மாறாக, ஒரே காயத்தை இருபுறமும் பற்றியவர்கள்போல, ஒருத்தியைக் காணும்போது மற்றவளுக்கு வலித்தது; ஆகவே காண்பதையே குறைத்துக்கொண்டனர்.

ரொசித்தாவின் விரல் சென்ற வாரத்து நாட்டில் தொடங்கி, எல்லைக்கோட்டைக் கடந்து, அடுத்த நாட்டின்மேல் ஒரு கணமும் நில்லாமல், நெருப்பின்மேல் செல்வதுபோல் விரைந்து, அதற்கப்பால் இருந்த தீவுநாட்டில் போய் நின்றது. கூடத்தில் அனைவரும் அதைக் கண்டனர். ஹெர்மான் உயிர்நீத்த கப்பல், விரல் தாண்டிச் சென்ற அந்த நாட்டினது என்பதை அவர்கள் அறிவார்கள். தெர்பினாவின்மீது கொண்ட இரக்கத்தால் தலைவி அவ்வாறு செய்தாள் என்றெண்ணி, அச்செயலை உள்ளத்தால் பாராட்டித் தலைகுனிந்தனர்.

"மதினி, ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள் தெர்பினா.

"தெரியும். உனக்காகத்தான் விட்டேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"எனக்காக விட வேண்டாம். அந்தத் தண்ணிக்குள்ளதான் அவர் இருக்காரு. ஊர் ஊரா எல்லாத்துக்கும் வேண்டிட்டு, அவர் இருக்கிற இடத்தை மட்டும் தாண்டிப் போனா எப்படி?"

ரொசித்தா திரும்பவில்லை. "அப்போ நீயே வேண்டு. என்னால ஆகாது" என்றாள். அச்சொல் கேட்ட பின்னரே, இரக்கமென்று தாம் எண்ணியது இரக்கமன்று, அந்த நெடிய பெண்ணின் நெஞ்சில் ஆறாது கனன்ற நெருப்பு என்பதைப் பெண்கள் உணர்ந்தனர்.

தெர்பினா எழுந்து கண்களை மூடினாள். அவள் நல்லதையே கேட்க எழுந்தாள் என்பதை நான் ஐயமின்றிச் சொல்வேன். ஆனால் நெடுநாள் அடைத்து வைத்த மடையைத் திறப்பவனால், எந்த நீர் முதலில் பாயும் என்பதைத் தேர்ந்தெடுக்க இயலுமோ?

"ஆண்டவரே, அந்த நாட்டுக்காக நிக்கிறேன்" என்று தொடங்கிய குரல் சிறிது நின்று, பின் மாறியது. "அந்தக் கப்பல் தலைவன் வலையில மீனே விழக் கூடாது. அவனுக்கும் கால் வீங்கணும். கரைக்குப் போகணும்னு அவனும் கெஞ்சணும், யாரும் கேக்கக் கூடாது. அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னு கடலைப் பாத்துக்கிட்டே இருக்கணும். இனிமே வரமாட்டார்னு மனசுல ஏத்துக்கறதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன். அவளும் அப்படியே சாகட்டும்."

அப்பெண்கள் வாயில் எக்காலத்தும் தட்டாமல் எழும் அச்சொல் அன்று எவர் வாயிலும் எழவில்லை. ஒக்தாவியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது உலகப்படத்தின் அருகிலிருந்து, தெளிவாகவும் உறுதியாகவும், ரொசித்தா சொன்னாள்: "ஆமென்."

தெர்பினா திடுக்கிட்டுக் கண்விழித்தாள். "மதினி, அதுக்கு ஆமென் சொல்லாதீங்க."

"நீ கேட்டதுக்குத்தானே சொன்னேன்."

"கேட்டேன். நீங்க சொன்னதும் பயமாயிடுச்சு."

"உனக்கு எதுக்கு பயம்? அவன் பயந்தானா?"

"நடந்துடும் போல இருக்கு. அந்தப் பொம்பளை வாசல்ல நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது, மதினி. என் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறா."

தெர்பினா நின்ற இடத்திலேயே மண்டியிட்டாள்; இம்முறை அவள் குரல் இறைவனை நோக்கியதாயினும், ஒவ்வொரு சொல்லும் அவ்வறையில் இருந்த ஒருத்தியின் செவிக்காகவே சொல்லப்பட்டது.

"ஆண்டவரே, இன்னும் முடிக்கல. பெனோனி எங்கிட்ட சொன்ன ஒண்ணை மதினிகிட்ட மறைச்சுட்டேன். அந்தக் கப்பல்ல அந்த நாட்டுக்காரச் சமையல்காரன் ஒருத்தன் இருந்தான். இடதுகைக்காரன். குடிக்கத் தந்த தண்ணியில தன் பங்கை இவருக்குக் கொடுத்தானாம். இவர் பேசினது அவனுக்குப் புரியல, அவன் பேசினது இவருக்குப் புரியல. ஆனாலும் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்திருக்கான். போனதுக்கப்புறம் தன் போர்வையைச் சுத்தித்தான் கடல்ல இறக்கினானாம். இறக்கும்போது அழுதானாம். அந்த ஊர்ல ஒரு நல்லவன் இருக்கான்னு சொன்னா என் கோவம் குறைஞ்சிடும்னு இத்தனை நாளா சொல்லல. கோவம் போச்சுன்னா அவரோடது எதுவுமே எங்கிட்ட மிச்சம் இருக்காதுன்னு நெனச்சேன். அவன் பேரு எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா, அவன் வீடு திரும்பட்டும். அந்தத் தலைவனுக்காகக் கேக்க இன்னிக்கு எனக்கு வாய் வரல. அவனை நீரே பாத்துக்கும்."

பின்பு ரொசித்தா, வழியில் எவரிடமோ வழக்கமாக எதையோ கேட்பவள்போல், கேட்டாள்: "போர்வைன்னா, துணியா? கம்பளியா?"

"கம்பளின்னுதான் பெனோனி சொன்னான்."

"அவனுக்குக் குளிர் தாங்காது" என்றாள் ரொசித்தா. "சின்னதுல இருந்தே தாங்காது. மழை பேஞ்சா என் போர்வைக்குள்ளதான் வந்து புகுந்துக்குவான்."

அவ்வளவில் அந்த நெடிய உருவம், அடிமரத்தில் கோடரி பாய்ந்த மரம்போல் முதலில் அசையாது நின்று, பிறகு மெல்லச் சாய்ந்து, தெர்பினாவின் அருகே தரையில் அமர்ந்தது. தம்பியின் செய்தி வந்த நாளிலும் கலங்காதிருந்து, ஊராரால் கல்நெஞ்சினள் என்று பேசப்பெற்றவளின் கண்கள், அன்று பலர் காணப் பெருகின. தெர்பினா அவள் தோளைத் தழுவினாள். காயத்தின் இருகரைகளும் முதன்முறையாகப் பொருந்தின.

சிறிது தெளிந்ததும் ரொசித்தா கண்களை மூடினாள். "ஆண்டவரே, கொஞ்சம் முன்னாடி நான் சொன்ன ஆமெனை நீர் கேக்காததா விட்டுடும். என் தம்பிக்குப் போத்திவிட்டவனை நீர் போத்திக் காத்துக்கும்" என்றாள். பின்னர் ஒரு பெண் தொடங்கி மற்றொருத்தி தொடர, கூடம் முழுவதும் "ஆமென்" என்றது. வெளியே முற்றத்தில் சாதிபத்திரியைக் கிளறிக்கொண்டிருந்த ஆடவரும் காரணம் அறியாமலே தலைநிமிர்ந்து, "ஆமென்" என்றனர்.

வாழைக்காய் ஆறித்தான் போயிருந்தது. ஒக்தாவியா முதற்கிண்ணத்தை ரொசித்தாவுக்கும், அதே கிண்ணத்தைப் பகிரும்படி தெர்பினாவுக்கும் நீட்டினாள். இருவரும் அதிலிருந்தே உண்டனர்.

வாசகரே, இதன்பின் பெரிதாக ஒன்றும் நிகழ்ந்ததாக நான் கூறப் போவதில்லை. கப்பல் தலைவன் மனம் மாறினானா என்பதும், அவன் வலையில் மீன் விழுந்ததா என்பதும் எங்கள் தீவுக்கு எட்டவில்லை. ஹெர்மான் மீண்டும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை, அன்று ரொசித்தாவின் விரல் போய் நின்ற தீவுநாட்டின் முறை வந்தது, அதற்கடுத்து வேறொன்று. மண்ணில் மன்றாடுவோர் பெரும்பாலோர் தம் மன்றாட்டு சென்று சேர்ந்த இடத்தைக் காணாமலே வாழ்ந்து முடிகின்றனர். காணாமையே அன்பின் பெருமை என்று சொல்வாரும் உளர், காணாமையே அதன் துயர் என்பாரும் உளர். நான் அறிந்தது இவ்வளவே: வடகடலின் கரையில் எங்கோ ஒரு வீட்டில், இடதுகையால் அகப்பையைப் பிடித்து ஒருவன் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கக் கூடும், தன் பெயரறியாத பெண்கள் தனக்காகத் தொலைதூரத் தீவொன்றில் கண்மூடி நிற்பதை அவன் ஒருபோதும் அறியப் போவதில்லை.