கூடுதல் இடங்கள்

காலையில் பேருந்திலிருந்து இறங்கியதும், கல்லூரி வாசலில் போராட்டத்துக்கு உட்கார்ந்திருந்த கூட்டத்தின் முதல் வரிசையிலேயே அக்காவைப் பார்த்துவிட்டாள் டீச்சர். அக்காவும் பார்த்தாள். பார்த்த உடனே கையிலிருந்த அட்டையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். 'எங்கள் வரிப்பணம் எங்கள் பிள்ளைகளுக்கே' என்று அட்டையில் எழுதியிருந்தது. அட்டைக்குக் கீழே, இருவரும் சேர்ந்து போய் ஒரே மாதிரி வாங்கிய செருப்பு தெரிந்தது. முகத்தை மறைத்தவளுக்குக் காலை மறைக்கத் தோன்றவில்லை. கூப்பிடலாமா என்று டீச்சர் ஒரு கணம் நின்றாள். கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது? "உள்ள போங்க டீச்சர், வழியில நிக்காதீங்க" என்றார் காவலாளி. போனாள்.

வெளிநாட்டிலிருந்து அரசாங்கச் செலவில் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வருடம் மொழி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. மாடியில் ஒரு வகுப்பறை. சுண்ணாம்பு உதிரும் சுவர். நின்ற இடத்தில் கால் ஆடும் ஒரு பழைய மின்விசிறி. இங்கே தேறினால் அவரவர் படிப்புக்குப் போவார்கள். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். அதே கல்லூரியில்தான் அக்காவின் மகள் நர்சிங் கேட்டிருந்தாள். கொஞ்ச மதிப்பெண்ணில் இடம் தவறிப்போனது. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, அடுத்தவர் முகத்தில் சட்டங்களை மாட்டிப் பார்க்கிறாள்.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்கல்ல அக்கா" என்று அப்போது ஏதோ சமாதானத்துக்குச் சொல்லி வைத்தாள் டீச்சர்.

"ஊட்டியாச்சு. என் பிள்ளை எங்கடி வளர்ந்துச்சு?" என்றாள் அக்கா. அன்றோடு பேச்சு நின்றுபோனது. அந்தக் கேள்விக்கு டீச்சரிடம் பதில் இருந்திருந்தால், கோபமாவது பட்டிருப்பாள். பாதி ஆமாம், பாதி இல்லை என்கிற மனதோடு கோபப்படவும் முடிவதில்லை. அலுப்புதான் வருகிறது. சாயங்காலம் வீட்டில் அவள் கணவர், "என்ன, இன்னைக்கும் ரெண்டு பக்கமும் அடி வாங்கினியா, மத்தளம்?" என்று கேட்பார். சிரிப்பாள். சிரித்துவிட்டு அப்படியே நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த வருட வகுப்பில் ஒருத்திக்கு 'அகராதி' என்று பெயர். கையகல அகராதியை எப்போதும் பையில் வைத்திருந்ததால் அலுவலக உதவியாளர் வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவள் என்பதால் அது இன்னொரு வகையிலும் பொருந்திப்போனது. இரண்டு அர்த்தத்தையும் டீச்சர் விளக்கியபோது, "ரெண்டும் சரிதான்" என்று ஏற்றுக்கொண்டாள். வயது முப்பதை நெருங்கியிருந்தது. அவளுடைய நாட்டில், மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க உதவியாக இருந்தவள்; நர்சிங் படிக்க இங்கே வந்திருந்தாள். மழை பெய்தால் டாக்டர் மேலே ஏறி வரமாட்டார் என்றும், பிரசவம் மழையைப் பார்த்து நிற்காது என்றும் ஒருநாள் கட்டுரையில் எழுதியிருந்தாள். டீச்சர் அதில் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.

அன்று மதிய இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்த டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் அக்காவுக்கு எதிரே அகராதி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சிரைக்க இறங்கி ஓடினாள்.

"டீச்சரோட அக்காதானே நீங்க? மூக்கு அப்படியே இருக்கு" என்று அகராதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா திகைத்துப்போயிருந்தாள். "உனக்கு நம்ம பேச்சு வருமா?"

"அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க. தப்பு இருந்தா அவங்களைத் திட்டுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உதட்டிலேயே கடித்து நிறுத்தினாள். பிறகு தங்கை வந்து நிற்பதைக் கவனிக்காதவள் போல, "என் பொண்ணும் நர்ஸுக்குத்தான் கேட்டா. கிடைக்கல" என்றாள்.

அகராதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "என்னோட இடம், அவங்க இடமா?"

"யாருக்குத் தெரியும்? அப்படித்தான் சொல்றாங்க."

"எங்க அரசாங்கமே எங்களுக்கு ஒண்ணும் பண்ணல. நீங்க ஏன் பண்றீங்கன்னு நானே நினைச்சிருக்கேன் அக்கா."

"பதில் கிடைச்சுதா?"

"இல்ல."

அக்கா தான் பிடித்திருந்த குடையைச் சற்றே சாய்த்தாள். வெயிலிலிருந்த அகராதியின் தோள் நிழலுக்குள் வந்தது. பின்வரிசையில் யாரோ கோஷத்தை ஆரம்பித்தார்கள். அக்காவும் கையை உயர்த்திக் கத்தினாள்; குடை அப்படியே சாய்ந்திருந்தது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. திட்டம் அந்த வருடத்தோடு நிறுத்தப்படுகிறது. மொழி வகுப்பில் இருப்பவர்கள் வேண்டுமானால் சொந்தச் செலவில் தொடரலாம். வாசலில் கைதட்டிக் கலைந்தார்கள். மாடியில் அன்றைக்குப் பாடம் மரபுத்தொடர்கள். யாருக்கும் மனம் ஓடவில்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை ஏதாவது செய்யவேண்டியிருந்தது.

"டீச்சர், கை விடுறதுக்கும் கை கழுவுறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அகராதி கேட்டாள்.

"கை விடுறதுன்னா, அதுக்கு முன்னாடி பிடிச்சிருந்தாங்கன்னு அர்த்தம்."

"கழுவுறதுன்னா?"

டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அது தெரியல. நீயே அகராதியில பாரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அகராதி சிரிக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

அகராதி கிளம்பும் நாளன்று டீச்சர் விடுதிக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டி கட்டியாகியிருந்தது. இன்னொரு நாட்டில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது என்றாள் அகராதி. "ஆனா அங்க வேற மொழி டீச்சர். மறுபடி முதல் எழுத்துல இருந்து." சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அணைத்துக்கொள்ளலாமா என்று டீச்சர் யோசிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

அடுத்த சேர்க்கையில் அக்காவின் மகள் மறுபடி விண்ணப்பித்தாள். மறுபடியும் கிடைக்கவில்லை. அன்றுதான் இத்தனை மாதம் கழித்து அக்காவின் குரல் போனில் கேட்டது.

"அவங்கதான் போயாச்சே. அந்த இடமெல்லாம் எங்கடி போச்சு?"

"எங்கயும் போகலக்கா. அது அவங்களுக்காகத் தனியா போட்ட கூடுதல் இடம். அவங்க போனதும் அதுவும் இல்ல."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"எனக்கே இப்பத்தான் சொன்னாங்க."

 அக்காவுக்குப் பின்னால் மகள், "விடும்மா, சித்தி என்ன பண்ணுவாங்க? எனக்குக் கடைக்கு நேரமாச்சு" என்பது கேட்டது. தான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்புக் கிடைத்தது போல இருந்தது டீச்சருக்கு.

மொழிப் பிரிவை மூடி, அவளைக் கீழ்த்தளத்திலிருந்த தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி உண்டு, மேசை இல்லை. வேண்டுமானால் பழையதை நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். தூக்க ஆள் வருவதாகச் சொன்னது வெறும் பேச்சாகவே இருந்தது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, அக்கா வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எந்தப் பக்கம் கனம்?" என்று மட்டும் கேட்டாள்.

மேசை அறைக்கதவைத் தாண்டிவிட்டது. மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு கால் கைப்பிடிக் கம்பிக்குள்ளும் ஒரு முனை சுவரிலுமாக, மேலேயும் ஏற மறுத்தது, கீழேயும் இறங்க மறுத்தது.

"நீ கொஞ்சம் இறக்கு" என்றாள் அக்கா, கீழேயிருந்து.

"நீ கொஞ்சம் தூக்கு."

"தூக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

கீழே, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஏறிவர வழியில்லாமல் படியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கையை எடுத்தால் அக்காமேல் சாய்ந்துவிடும். மேசையின் மேற்பலகையில் கன்னத்தை வைத்து மூச்சு வாங்கினாள் டீச்சர். மறுமுனையில் அக்காவும் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பலகை இரண்டு பேரின் மூச்சுக்கும் லேசாக ஏறி இறங்கியது.