பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த படம்

1

இது திருட்டுக் கதை, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காந்திபுரம் பஸ்ஸில் முன் சீட்டில் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரிடம், "அப்போ ரெண்டு வருசமா நீங்க எந்தப் படத்தைத்தானுங்க பார்த்தீங்க?" என்று கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் என் ஸ்டாப் வந்து தொலைத்தது. பதிலை நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

2

"டிசம்பர் வந்துவிட்டால் பொற்கொடிக்கு..." (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

"சினிமா விமர்சகி என்றாலே மூக்குக் கண்ணாடியும்..." (அட, போதும்.)

நேராகவே சொல்கிறேன். பொற்கொடி சோமனூர்க்காரி. ஓர் இணைய இதழில் சினிமா விமர்சனம் எழுதுகிறாள். வருடக் கடைசியில் அவள் போடும் 'எனக்குப் பிடித்த பத்து' பட்டியலுக்கு வாசகர்கள் காத்துக் கிடப்பார்கள். அதற்குக் காரணம் அவளுடைய வீட்டுக்காரர் மாசாணம். எந்தப் படத்துக்குப் போனாலும் பக்கத்து சீட்டில் அவர்தான். அவர் சிரித்தால் இருட்டிலேயே நோட்டில் ஒரு கோடு போடுவாள். கண்ணைத் துடைத்தால் ஒரு சுழி. கோடும் சுழியும் இல்லாத படம் பத்துக்குள் நுழையாது. "பக்கத்து சீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்" என்று அவள் எழுதிவிட்டால் அப்புறம் அப்பீல் கிடையாது.

3

இந்த வருடம் ஒன்பது படம் முடிவாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் பட்டியல் போக வேண்டும். பத்தாவது இடத்துக்கு நோட்டைப் புரட்டியவள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாசாணத்தின் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க மாமா, அந்த ஆஸ்பத்திரிப் படத்துல, அப்பன்காரன் போன் பேசறப்ப அப்படிச் சிரிச்சீங்களே, எதுக்குங்க?"

"நீ சிரிச்சே. நானும் சிரிச்சேன்."

"அழுதீங்களே?"

"நீ மூக்கை உறிஞ்சினியே, அம்மணி." பேப்பரை மடித்து வைத்தார். "காது போயி ரெண்டு வருசமாச்சு."

(கட்டிய பெண்டாட்டிக்கா இது தெரியாது என்று நீங்கள் கேட்பீர்கள். இருவரும் இருபத்தாறு வருடம் ஒரே பட்டறையில் தறி ஓட்டியவர்கள். தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்களுக்கு வீட்டிலும் அதே பழக்கம். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் வீம்பு என்று நினைத்துக்கொள்வாள். சினிமாவில் அப்படி முடியாதே. பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள்.)

4

அவள் நோட்டை மூடினாள். அப்படியானால் இரண்டு வருடப் பட்டியலும் தன் மூஞ்சிக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க்கா?

"சொல்லியிருக்கலாமுங்களே!"

"சொன்னா என்னை ஊட்டுல உட்டுப்போட்டுப் போயிருவே. இனி நீ தனியாவே போய்க்க, கண்ணு. நான் தண்டத்துக்கு எதுக்கு?"

(பொற்கொடி அழுகிற ஆள் இல்லை என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அழுதாள். நான் என்ன செய்ய?)

அழுது முடித்து, அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து, பஸ்ஸில் என் காதில் விழுந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"குடைக்காரி படம்," என்றார். "அந்தப் புள்ள தினமும் கொடுமுடி ஸ்டேசன்ல மழையில வந்து நிக்குது. கையில ரெண்டு குடை. ஒண்ணு, வரப்போறவனுக்கு. கடைசியில அவன் வாரான், அவளைப் பார்த்ததும் ஓடறான். இத்தனை நாள் மழையில நிக்க வெச்சுட்டமேன்னு வெக்கம் தாங்காம ஓடறான். நெம்ப நல்ல படம்."

படத்தில் அந்த இரண்டாவது குடைக்குள் கத்தி இருக்கிறது. அவன் ஓடுவது உயிருக்குப் பயந்து. அரைத்த மாவையே அரைத்த பழிவாங்கல் என்று பொற்கொடி கிழித்துத் தொங்கவிட்ட படம் அது. அவர் சொன்ன படம் அதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

5

முடிவு அ: அவர் சொன்ன கதையையே எழுதிப் பத்தாவதாகப் போடுகிறாள். (வாசகர்களை ஏமாற்றுவதாகாதா?)

முடிவு ஆ: உண்மையை எழுதிவிட்டுப் பட்டியல் போடுவதையே நிறுத்துகிறாள். அன்றோடு மாசாணம் தியேட்டர் வாசலை...

(இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

நிச்சயமாக நடந்தது இவ்வளவுதான். "நாளைக்கு ரெண்டு டிக்கெட் போடறேனுங்க," என்றாள்.

"காது?"

"டாக்டரைப் பொறவு பாக்கலாமுங்க. படத்துக்கு உங்க காதை ஆரு கேட்டா? திரையைப் பாருங்க. என் மூஞ்சியைப் பார்த்தீங்கன்னா கொன்னுபோடுவேன்."

அவர் சிரித்தார். அவள் அப்போது சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டாள்.

மணி ஐந்தாகப் போகிறது, பத்தாவது இடம் இன்னும் காலி. அவள் பார்த்த படத்தைப் போடுவதா, அவர் பார்த்ததையா? எனக்குத் தெரியவில்லை, நீங்களே எழுதிவிடுங்கள். உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

10. ............