மூன்று கால் ஆக்டோபஸ்

கருவாட்டுக் கடை மிட்சுயோ கோபமாகக் கிளம்பினால் கடைவீதிக்கே தெரிந்துவிடும். முதலில் மரச்செருப்புச் சத்தம் வரும், பின்னாலேயே கருவாட்டு வாசனை வரும். அன்றைக்கு அக்குளில் இடுக்கிய ஒரு மரப்பலகையும், வலது கையில் முழுசாக ஒரு காய்ந்த ஆக்டோபஸும் கூட வந்தன.

"யாருக்குடி இன்னிக்கு நேரம் சரியில்ல?" என்று தோஃபு கடைக்காரி கல்லாவிலிருந்தே கேட்டாள்.

"வாத்தியாருக்கு."

"எந்த வாத்தியாரு?"

"மாடியில டியூஷன் நடத்துறானே, இஸ்திரி போட்ட மூஞ்சி. அவனுக்கு."

ஆகஸ்ட் கடைசியில் ஜிஸோ சாமிக்குத் திருவிழா. பிள்ளைகளைக் காக்கிற சாமி என்பதால் கூத்தும் பிள்ளைகளுடையதுதான். கடைவீதிக் கூரையில் ஒவ்வொரு பிள்ளை பேருக்கும் ஒரு காகித விளக்கு தொங்கும். விளக்குக்குக் கீழே அந்தப் பிள்ளையே எழுதிய கணக்குப் புதிர், பலகையில். பலகைக்குக் கீழே மெத்தை போட்டுப் புதிர் போட்டவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்ற பிள்ளைகள் வந்து விடையைக் காதில் சொல்ல வேண்டும். சரியென்றால் சீட்டில் ஒரு வட்டம், கையில் ஒரு மிட்டாய். ஒசாகாவின் அந்த மூலையில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு வருஷமாவது அந்த மெத்தையில் உட்கார்ந்தவர்கள்தான். மிட்சுயோவும் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வருஷம் விளக்குச் செலவை மாடி டியூஷன் இகராஷி வாத்தியார் ஏற்றுக்கொண்டார். பதிலுக்குக் கடைவீதிச் சங்கத்துக்காரர்கள், பலகைகளை முன்கூட்டிப் பார்த்துத் திருத்தும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, விழா நாள் மதியம் மிட்சுயோ கணவாய் டப்பாவைத் திறக்கும்வரை.

டப்பாவுக்குள், காய்ந்த கணவாய்க்கு அடியில், மகள் சுஸுனாவின் பலகை ஒளிந்திருந்தது. முன்பக்கம் வாளி, வாளிக்குள் கண்ணை உருட்டும் ஆக்டோபஸ்களும் கணவாய்களும், எல்லாம் அவள் வரைந்தவை. கீழே எழுத்து: 'எங்கள் கடை வாளியில் ஆக்டோபஸும் கணவாயும் கிடக்கின்றன. தலை ஐந்து. கால் நாற்பத்து நான்கு. எது எத்தனை?' ஆக்டோபஸுக்கு எட்டுக் கால், கணவாய்க்குப் பத்து; எட்டு வயசுப் பிள்ளைக்கு இது சின்னப் புதிர் இல்லை. பின்பக்கம் விடையும் எழுதியிருந்தாள்: 3 × 8 = 24, 2 × 10 = 20, மொத்தம் 44. அதன்மேல் மூலைக்கு மூலை இழுத்த சிவப்பு மையில் ஒரு பெரிய தப்புக்குறி. 'தொங்கவிட வேண்டாம்' என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது.

சுஸுனா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ கத்துவே."

"நான் எங்கடி கத்துறேன்?" என்று மிட்சுயோ கத்தினாள்.

"நான் விழாவுக்கு வரல. இனிமே கணக்கும் போடல. புதிரும் போடல." சுவரிடமே சொன்னாள். குளிக்கும்போதும் எதையாவது எண்ணுகிற பிள்ளை. வாடிக்கையாளர் வந்தால், "அக்கா, உங்க பையில எத்தனை பொட்டலம்னு பாக்காம சொல்லவா?" என்று மறிக்கிற பிள்ளை. அது சுவரோடு பேசியதைக் கேட்டபோதுதான் மிட்சுயோ ஆக்டோபஸைக் கையில் எடுத்தாள்.

சங்க அறையில் தலைவர் ஹிராகா ஐயா, குடைக்கடை வைத்திருப்பவர், மிட்டாய்களைப் பைகளில் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இகராஷி வாத்தியார் கொசுவத்திச் சுருள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. கிழக்கிலிருந்து வந்தவர், புத்தகத்தைப் பிரித்து வாசிப்பதுபோலப் பேசுவார். அதுவே மிட்சுயோவுக்குப் பாதிக் கோபம்.

ஆக்டோபஸ் மேஜையில் பொத்தென்று விழுந்தது.

"எண்ணுங்க."

"எதை, அம்மா?"

"காலை. எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க வாத்தியாரே."

"எட்டு."

"எம்பொண்ணும் எட்டுன்னுதான் எழுதியிருக்கா. அப்புறம் எதுக்கு இந்த ரத்தக்களரி?"

இகராஷி பலகையைத் திருப்பிப் பார்த்தார். "விடை சரிதான். வரிசைதான் தவறு. ஒன்றுக்கு எத்தனை என்பதை முதலில் எழுத வேண்டும், எத்தனை ஒன்றுகள் என்பது பிறகு. எட்டுக் கால், மூன்று ஆக்டோபஸ். எட்டு பெருக்கல் மூன்று. குழந்தை மூன்று பெருக்கல் எட்டு என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அர்த்தம், மூன்று கால் உள்ள எட்டு ஆக்டோபஸ்கள்."

ஹிராகா ஐயா ஒரு மிட்டாயைப் பிரித்துத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

"எங் கடையில," என்றாள் மிட்சுயோ, குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது, "மூணு கால் ஆக்டோபஸ் விக்குதுங்கறீங்க."

"கடையைப் பற்றி நான் ஒன்றும்..."

"எங்க மாமனாரு, அவரு அப்பா, எல்லாரும் இதே தெருவுல ஆக்டோபஸ் வித்தவங்க. ஒரு கால் ஒடிஞ்சிருந்தாக்கூட இன்னொரு துண்டு கொசுறு வச்சுத்தான் குடுத்திருக்கோம். அஞ்சு கால் குறைஞ்ச சரக்க எவன் வாங்குவான்?"

"அம்மா, பள்ளியிலும் இப்படித்தான் திருத்துவார்கள். நாளைக்கு அங்கே மதிப்பெண் போகும். அதைத் தடுக்கத்தான் இன்றைக்கே சொன்னேன். குழந்தையின் நன்மைக்காக."

"நன்மைக்கா? நல்ல சரக்குல சாயத்த ஊத்திட்டு நன்மைங்கறீங்க. மூணெட்டும் இருவத்தினாலு, எட்டு மூணும் இருவத்தினாலு. வாளிக்குத் தெரியுமா எது முதல்ல விழுந்துச்சுன்னு?"

"வரிசையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். உடனே தொங்கவிடலாம்."

"மாட்டா."

"அவள் மாட்டாளா, நீங்கள் மாட்டீர்களா?"

கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. அதனாலேயே மிட்சுயோவுக்கு இன்னும் பொங்கியது. ஆனால் வியாபாரி மகள், பொங்கும்போதுதான் புத்தி வேலை செய்யும். ஹிராகா ஐயாவின் மேஜையிலிருந்து தடித்த தூரிகையையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்தாள். நிதானமாக எழுதினாள், எழுதியதைச் சத்தமாக வாசித்தாள்.

"மூன்று கால் ஆக்டோபஸ் இங்கே கிடைக்கும். இகராஷி வாத்தியார் பரிசோதித்து ஒப்புதல் அளித்தது."

"அக்கா, வேணாம்," என்றார் ஹிராகா ஐயா.

"கடை வாசல்ல மாட்டப்போறேன். இவரு டியூஷனுக்குப் பிள்ளைய விட வர்ற அம்மாமாரு எல்லாம் எங் கடையத் தாண்டித்தானே மாடியேறணும்? வாத்தியாரு எந்தக் கடல்ல மீன் பிடிக்கிறாருன்னு அவங்களே கேட்டுக்கட்டும்."

இகராஷி அட்டையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. "பலகையைத் தொங்கவிடுங்கள்," என்றார். "ஆனால் எது சரி என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்ளும், அதை மட்டும் யோசியுங்கள்."

மிட்சுயோ யோசிக்கவில்லை. ஜெயித்த சூட்டில் யார் யோசிப்பார்கள்? அட்டையை அங்கேயே போட்டுவிட்டு, பலகையோடு மேஜையில் கிடந்த அவருடைய சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், கொசுறு மாதிரி.

வீட்டுக்கு வந்து, செதில் சுரண்டுகிற கத்தியால் பலகையின் பின்பக்கத்தைச் சுரண்டினாள். சிவப்புப் போனது, எழுத்தும் போனது. பேனாவைத் தூக்கி மகள் மடியில் போட்டாள்.

"அவன் பேனாதான். நீயே எழுது. உன் வரிசையிலயே எழுது. எழுந்திரு, குளி, யுகாத்தா அங்கி உடுத்து, போய் மெத்தையில உக்காரு. எவன் வந்து என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. புரியுதா? ஒரு அடி நகராதே."

சுஸுனா திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. "நான் போட்டதுதான் சரியா?"

"நீ போட்டதுதான் சரி."

"வேற எப்படிப் போட்டாலும் தப்பா?"

"வேற எப்படிப் போட்டாலும் தப்பு!"

சாயங்காலம் விளக்குகள் ஏற்றியாகிவிட்டன. புருஷன் வாசலில் கணவாய் வாட்டிக்கொண்டிருந்தான், மிட்சுயோ கல்லாவில் பறந்துகொண்டிருந்தாள். நடுநடுவே எட்டிப் பார்த்தால் 'சுஸுனா' என்று எழுதிய விளக்கின் கீழே கூட்டம். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. தோஃபு கடைக்காரியின் ஆறு வயசு மகள் மாயு, மூக்கொழுக, ஒரு சீட்டைப் பிடித்தபடி நடந்து வந்தாள். சீட்டில் வட்டம் இல்லை. சிவப்பாக ஒரு தப்பு.

"என்னடி கண்ணு, விடை தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆக்டோபஸ் மூணு, கணவாய் ரெண்டு."

"சரிதானே! எப்படிக் கண்டுபிடிச்சே?"

மாயு பையிலிருந்து அவித்த சோயா மொச்சையை அள்ளிக் காட்டினாள். "அஞ்சு தலை வச்சேன். எல்லாத்துக்கும் எட்டு எட்டுக் கால் வச்சேன். நாலு கால் மிச்சம். கணவாய்க்கு ரெண்டு கால் கூட வேணும்ல? ரெண்டு பேருக்குக் குடுத்தேன். தீந்துபோச்சு."

இத்தனை அழகான கணக்கை மிட்சுயோ கேட்டதே இல்லை. "இதுக்கா தப்பு போட்டா?"

"பலகைக்குப் பின்னாடி அப்படி எழுதலையாம்."

மரச்செருப்பு மறுபடி கிளம்பியது.

விளக்கின் கீழே இப்போது கூட்டம் இல்லை. மெத்தையில் சுஸுனா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் சிவப்புப் பேனா. மடியில் மிட்டாய்ப் பை, அப்படியே நிறைந்து இருந்தது. டியூஷன் பையன் ஒருத்தன் குனிந்து காதில் ஏதோ சொன்னான்.

"எட்டு மூணா? தப்பு. மூணெட்டு. அடுத்த ஆளு!"

சரக். சிவப்பு.

அடுத்த ஆள் யாரும் இல்லை. பக்கத்து விளக்குகளுக்குப் போய்விட்டார்கள். மிட்சுயோவின் கை தன்னாலேயே ஓங்கியது. இந்த நிமிர்ந்த முதுகு மாடி வாத்தியாரிடமிருந்து வந்ததா? இல்லை. பலகையைச் சுரண்டி, பிள்ளையைக் குளிப்பாட்டி, உடை உடுத்திக் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்? ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், கூந்தலைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மகள் எதிரே முட்டி போட்டு, அவள் காதில் மாயுவின் கணக்கை அப்படியே சொன்னாள்.

"அது மாயு சொன்னது. தப்பு," என்றாள் சுஸுனா. சீட்டு இல்லாததால் சிவப்புத் தப்பை அம்மாவின் உள்ளங்கையில் போட்டாள்.

"விடை சரியா இல்லையா?"

"சரி."

"அப்புறம் என்னடி?"

"நீதானே சொன்னே? விட்டுக்கொடுக்காதே, வேற எப்படிப் போட்டாலும் தப்புன்னு."

மிட்சுயோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. சங்க அறையில் கத்தினதைவிடப் பெரிசாகக் கத்த வாய் திறந்தாள். திறந்த வாயில், கல்லாவில் தினமும் கேட்கிற பேச்சுதான் வந்தது.

"கொஞ்சம் கொறைச்சுக்கோ."

"என்ன?"

"முழுத் தப்பு ரொம்ப ஜாஸ்தி. விடை சரி, வழி மட்டும் உன் வழி இல்ல. இதுக்குப் போய் முழுசாப் போட்டா எவன் வாங்குவான்? பாரு, உங் கடையில ஈ கூட இல்ல."

சுஸுனா காலி வீதியைப் பார்த்தாள். ஆனாலும் கருவாட்டுக் கடைப் பிள்ளை. "கொறைக்க முடியாது."

"பாதி. ஒரு முக்கோணம் போடு."

"முக்கோணம் பாதி சரிக்குப் போடறது."

"அதத்தானே கேக்குறேன். எதிர்த்த விளக்குல வட்டத்த வாரி வாரிக் குடுக்குறானாம். நான் அங்க போறேன்." மிட்சுயோ எழுந்து, உண்மையாகவே போவதுபோல நடந்தாள்.

"இரு, இரு! முக்கோணம். ஆனா மிட்டாய் கிடையாது."

"மிட்டாய் இல்லாத முக்கோணத்த நீயே வச்சுக்கோ."

"சரி, மிட்டாய்!"

பின்னாலிருந்து மாயு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டை நீட்டினாள். "எனக்கும் கொறை."

"உனக்கும் முக்கோணம்."

"நான் வட்டம் கேக்கலாம்னு வந்தேன். மொச்சை தர்றேன்."

சுஸுனா மொச்சையைப் பார்த்தாள். அஞ்சு தலை, எட்டு எட்டுக் கால். மெத்தையில் அடுக்கிப் பார்த்தாள், நாலு மிஞ்சியது. மறுபடி அடுக்கினாள், உதடு தானாக எண்ணியது. "ஏய், இது நல்லா இருக்குடி," என்று மெதுவாகச் சொல்லி, மாயுவின் சீட்டில் தப்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. கடைவீதிப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? "எனக்கு ரெண்டு கொறை", "என் தம்பிக்கும் சேத்துப் போடு" என்று வரிசை நீண்டது. சுஸுனா ஒவ்வொருத்தரோடும் மல்லுக்கட்டினாள், முகம் சிவந்து, குரல் கம்மி.

தன் டியூஷன் பிள்ளைகள் சிவப்புச் சீட்டோடு வந்ததைக் கேள்விப்பட்டு, இகராஷி வாத்தியார் வரிசையின் முன்னால் வந்தார்.

"பின்னால போங்க," என்றாள் மிட்சுயோ. அவர் போனார். தன் முறை வந்ததும் வேட்டி மாதிரி நீண்ட யுகாத்தாவை மடித்து முட்டி போட்டு, சுஸுனாவின் காதில் சுத்தமாகச் சொன்னார். எட்டு பெருக்கல் மூன்று. பத்து பெருக்கல் இரண்டு.

சரக். அவருடைய சீட்டில், அவருடைய பேனாவால்.

"குழந்தை, விடை சரியாகத்தானே இருக்கிறது? பெருக்கலில் வரிசை..." அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

பின்னால் நின்ற பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள். சுஸுனா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மிட்சுயோ அவரை மன்னிக்கவில்லை. அந்தச் சிவப்பு இன்னும் அவள் கத்தியில் ஒட்டியிருந்தது, அவள் மகள் கையிலும்தான். ஆனால் முட்டி போட்டு விழிக்கிற வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியாது.

"என்ன வாத்தியாரே, மரம் மாதிரி? கேளுங்க."

"என்ன கேட்பது?"

"கொறைச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க!" என்று மிட்சுயோ கத்தினாள், வீதி முழுக்கக் கேட்கும்படி. "அதுகூடத் தெரியாமயா இந்தத் தெருவுல கணக்குச் சொல்லிக்குடுக்க வந்தீங்க?"