முன்மொழிபவர்

தம்பியின் தாடையைச் சேர்த்துத் துணி கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் பாப்பம்மாள். பின்னால் லீலாவின் குரல் கேட்டது.

"மணி பத்தாவுது அண்ணி."

அழுது வீங்கிய முகம். ஆனால் கையில் வேட்புமனுத் தாள்கள். பாப்பம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புருசன் கெடக்கறான். உனுக்கு மணி கேக்குதா?"

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த நடேசன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தொண்ணூற்றொன்றாம் வருட எம்.பி. தேர்தலுக்கு மனுக் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் மூன்று மணியோடு சரி.

லீலா ஐந்து வருடமாக ஊராட்சித் தலைவர். தோல் கம்பெனிக் கழிவு ஏரியில் இறங்கி, ஊர்க் கிணறுகளில் தண்ணீர் காவி நிறமானபோது தாசில்தாரிடம் போனாள். அவர் மெட்ராசைக் கைகாட்டினார். மெட்ராசில், லைசென்ஸ் கொடுத்தது டில்லி, எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "அப்ப டில்லிக்கே போ" என்று சொன்னவன் நடேசன். மனுவில் 'முன்மொழிபவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

"அவுரு கையெழுத்து இனிமே நிக்காது அண்ணி. எவனாவது கேள்வி கேட்டா மனுவத் தள்ளிடுவாங்க. ஓட்டு லிஸ்ட்ல பேரு இருக்கற வேற ஒருத்தர் போடணும்."

பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்த ஆண்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். பங்காளிகளில் மூத்தவரான சுப்பன் வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"பொணத்த வூட்ல வெச்சிகினு பொண்டாட்டி தெருவத் தாண்டுவாளா? இதுக்கு எவனும் கையெழுத்து போடமாட்டான்."

ஒருவரும் தலை நிமிரவில்லை. லீலா கணவனின் காலடியில் உட்கார்ந்தாள். பாப்பம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வாங்க அண்ணி."

"எனுக்கு எழுதத் தெரியாதுடி."

"கைநாட்டு போதும். ஆனா ஆபீசர் கண்ணெதுர்ல வெக்கணும்."

பாப்பம்மாள் தம்பியைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் சைக்கிளில் வந்தவன், வாக்காளர் பட்டியலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "அக்கா, உம்பேரு அச்சுல கீது பாரு. இதான், பாப்பம்மாள்." அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "போடா, வேல இல்ல உனுக்கு" என்று விரட்டினாள். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான்.

அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். வாசலில் சுப்பனுக்கு நேரே போய் நின்றாள்.

"நான் தூக்கி வளத்த புள்ள அவன். நாங்க வர வரைக்கும் எடுக்கக்கூடாது. ஐஸ் வாங்கியாந்து வெய்யி."

சுப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து காசை எடுத்து ஒரு பையனை ஐஸுக்கு அனுப்பினார்.

மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினார்கள். புது மனுவை மடியில் வைத்து எழுதினாள் லீலா. ஓட்டத்தில் எழுத்து கோணியது. அதனால் பஸ் நிற்கும் இடங்களில் மட்டும் எழுதினாள்.

ஆபீசுக்குள் நுழையும்போது மணி இரண்டு இருபது. கிளார்க் மனுவைப் புரட்டினார்.

"கணவர் நடேசன். அவர் வரலையா?"

"வரல சார்."

அதிகாரி பாப்பம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் முன்மொழியறீங்களா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

தம்பி பொண்டாட்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "எங்க தலைவரு" என்றாள். காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து, அவர் போதும் என்று சொல்லும்வரை அழுத்தினாள்.

அடுத்து உறுதிமொழி. "லீலா ஆகிய நான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கிளார்க் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் படித்து முடித்தாள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். மறுநாள் பதினொரு மணிக்குப் பரிசீலனை.

ஊர் திரும்பும்போது ஐந்தரை ஆகிவிட்டது. நடேசனைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குக் கீழே ஐஸ் கரைந்த தண்ணீர் வாசல்வரை ஓடியிருந்தது. மேளக்காரர்கள் காத்துக்கிடந்தார்கள்.

"வாங்கிகினாங்களா?" என்றார் சுப்பன்.

"வாங்கிகினாங்க."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பாடையின் முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.

பெண்கள் தெருமுனைவரைதான் போகலாம். பாடை ஏரிக்கரை திரும்பி மறையும்வரை லீலா அசையவில்லை. குளிப்பதற்காகக் குழாயடிக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். பாப்பம்மாள் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

"நாளைக்கி மொத பஸ்சு எத்தினி மணிக்கு?"

"ஆறே காலுக்கு அண்ணி."

குடம் நிறைந்ததும் இரண்டு கையாலும் தூக்கி, லீலாவின் தலையில் மெதுவாகச் சாய்த்தாள்.