கடைசி நாள் சாக்லேட்

சாக்லேட் நாய்க்கு விஷம். கருணைக்கொலை ஊசி போடும் நாளில் மட்டும் கொடுக்கலாம். விஷம் ஏறுவதற்குள் ஊசி முந்திவிடும். நெப்ராஸ்காவில் வீடு வீடாகப் போய், சாகக் கிடக்கும் நாய்களைப் பார்க்கும் மருத்துவர் நான். எல்லோரிடமும் சொல்வதைத்தான், ஓட்டிஸ் என்ற நாயை வளர்த்த டார்லீனிடமும் சொன்னேன்.

ஊசிக்குக் குறித்த நாள் மதியம் அவள் போன் செய்தாள்.

“டாக்டரம்மா, இன்னைக்கு வராதீங்க. ஓட்டிஸ் எழுந்து துள்ளுறான்! இன்னைக்கு அவனுக்கு நல்ல நாள்னு காலண்டர்ல சிரிச்ச மூஞ்சி வரைஞ்சுட்டேன்.”

“சாக்லேட் குடுத்தீங்களா?”

“விடிகாலையிலேயே முழுக் கட்டியும் முழுங்கிட்டான், திருட்டுப்பய!”

“ஐயோ, அந்தத் துள்ளலே விஷம்தாம்மா. இப்பவே வர்றேன்.”

“நல்லா இருக்கிறவனைக் கொல்ல அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?”

போனை வைத்துவிட்டாள். நாற்பது மைல் விரட்டிக்கொண்டு போனேன். சமையலறைத் தரையில் ஓட்டிஸுக்கு வலிப்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. துடிக்கிற காலில் ஊசி போட நரம்பு பிடிபடவே வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் நன்றி அட்டை வந்தது. ‘உங்கள் புண்ணியத்தில் அவனுக்குக் கடைசியாக ஒரு நல்ல நாள் கிடைத்தது’ என்று எழுதி, காலண்டர் தாளையும் கிழித்து உள்ளே வைத்திருந்தாள். அந்தச் சிரித்த மூஞ்சியை அவள் அழிக்கவே இல்லை.