கிலோமீட்டர் தொண்ணூற்றேழில் ஆறாத கஞ்சி

கிலோமீட்டர் தொண்ணூற்றேழு முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் கஞ்சி சூடாகவே இருந்தது. முகாம் மூடி அப்போது நாற்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் பார்த்தவள் பெனிக்னா ஓர்தேயாதோ. சாக்கோ சமவெளியில் மழை பொய்த்த இரண்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம், காணாமல் போன இரண்டு ஆடுகளைத் தேடி முள்காட்டுக்குள் போனாள். தண்டவாளத்தை மரக் கம்பெனி பெயர்த்துக்கொண்டு போயிருந்தாலும் அது கிடந்த மேடு மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்த பிறகு ஒரு தகரக் கூரை தெரிந்தது. முட்செடிகள் அந்தக் கட்டடத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு நின்றன, ஒன்றுகூடச் சுவரைத் தொடவில்லை. உள்ளே இரண்டு நீள மேசைகள். சமையலறையை ஒட்டிய மேசையில் வெள்ளைத் துணியும் பீங்கான் தட்டுகளும் இருந்தன. மற்றதில் வெறும் பலகை, தகரத் தட்டுகள். தகரத் தட்டுகளில் மக்காச்சோளக் கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. பெனிக்னா பலகை மேசையில் உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அது மண்ணாக இருந்தது. துப்பிவிட்டு, ஆடுகள் இல்லாமலே வீடு திரும்பினாள்.

எங்கள் ஊர் போசோ அமார்கோவில் அப்போது ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தோம். கம்பெனிக்குக் கெப்ராச்சோ மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் எல்லாரும், இராலா குடும்பத்தைத் தவிர. முகாமின் கடைசிக் கங்காணி எவுசேபியோ இராலா. வேலைநிறுத்தத்தின்போது அவன் ஆட்கள் மரவெட்டி சீரியாகோ ஓர்தேயாதோவைச் சமையலறையின் பின்சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அவன் மனைவிக்குப் பெனிக்னா பிறந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு இராலாக்களின் மீது இருந்த வெறுப்பை ஊரே அறியும். கங்காணியின் மகன் ரோகே இராலாவின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் துப்புவாள், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை. முகாம் எரிந்து சாம்பலாகிவிட்டது என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தவள் அவளுடைய அம்மா தொமாசா. தொமாசா அந்தச் சமையலறையில் வேலை பார்த்தவள் என்பதால் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"எரிஞ்சுபோச்சுன்னு சொன்னியேம்மா, முழுசா நிக்குது."

"எரிஞ்சதா நெனச்சுக்கோ," என்றாள் தொமாசா. "அங்க போகாதே. அந்தக் கூடம் நல்லதில்ல."

மறுநாள் பக்கத்து வீட்டு அன்செல்மோ அவளோடு வந்தான். பலகை மேசையில் உட்கார்ந்து மூன்று தட்டுக் கஞ்சி குடித்தான்.

"இதையா மண்ணுன்னே? உன் நாக்குதான் செத்துப்போச்சு. இருபத்தி நாலு மணி நேரமும் இராலா வாசல்ல துப்பினா நாக்கு என்னத்துக்கு ஆகும்?"

அந்த வாரம் ஊர் முழுக்கப் போனது. கிணறுகள் உப்பாகிவிட்டிருந்தன, மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தன, மரவள்ளி மண்ணுக்குள் விரல் பருமனுக்கு மேல் பருக்கவில்லை. ஆகவே யார் சமைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடத்தின் சட்டம் இரண்டே நாளில் பிடிபட்டது. மரவெட்டிகளின் வாரிசுக்குப் பலகை மேசையில் கஞ்சி. கங்காணியின் வாரிசுக்குத் துணி மேசையில் மாட்டுக்கறிக் குழம்பு, வெள்ளை ரொட்டி. மற்றவர்களுக்கு இரண்டு மேசையிலும் மண். பாதிரியார் வெளியூர்க்காரர், இரண்டிலும் மண் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பன்னிரண்டு மணிக்குக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கால் மணி நேரத்தில், ரோகே இராலா கடைசி வாய் விழுங்கியதும், ஆளில்லாத மணி அடிக்கும், தகரத் தட்டுகள் காய்ந்துபோகும், கதவு திறக்கும். குழந்தைகளுக்கு ஒரு தட்டு முடிவதற்குள் மணி அடித்துவிடும். கறிக்கு ஆசைப்பட்டுத் துணி மேசையில் உட்கார்ந்த அன்செல்மோவைப் பெஞ்சு தூக்கிச் சுவரில் அடித்தது. தோள் எலும்பு போனது. அந்த மாதத்தில் ஐந்து எலும்புகள் முறிந்தன. ரோகே தனியாக உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கத்தியால் கறியைச் சின்னச் சின்னதாக அறுத்துத் தின்றான். முன்பெல்லாம் அவனுக்கு வணக்கமாவது சொன்னவர்கள் அதையும் நிறுத்தினார்கள். அவன் நாயை யாரோ கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

பெனிக்னாவுக்கு மட்டும் கஞ்சி மண்ணாகவே இருந்தது. கூடத்துக்குக்கூட ஓர்தேயாதோ பெயர் ஆகவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டாள். செப்டம்பரில் ஒரு நாள் பொறுமை போய், தட்டுகளை உடைக்கும் எண்ணத்தோடு துணி மேசைக்குப் போனாள். பெஞ்சு தன்னைத் தூக்கி எறிவதற்கு முன் எத்தனை தட்டு உடைக்க முடியும் என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள். பெஞ்சு அசையவில்லை. அவள் முன்னால் இருந்த பீங்கான் தட்டில் குழம்பு நிரம்பியது, ஓரத்தில் இரண்டு துண்டு ரொட்டி. எதிரில் ரோகே மெல்லுவதை நிறுத்தினான். பலகை மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு யாரோ ஒரு பெண், "அடச்சீ, இராலா ரத்தமா!" என்றாள். பெனிக்னா வீடு வந்து சேரும்வரை அவள் முதுகில் காய்ந்த மண்ணாங்கட்டிகள் விழுந்தன. எறிந்தவர்களில் அன்செல்மோவும் ஒருவன், நல்ல கையால்.

தொமாசா அடுப்பின் முன்னால் அல்கரோபாக் காய்களை வறுத்துக்கொண்டிருந்தாள். மகளின் முதுகைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அந்தக் கங்காணி கதவைச் சாத்தினான், நான் கத்தினேன், யாரும் வரலன்னா? சீரியாகோ விஷயம் தெரிஞ்சு நியாயம் கேக்கப் போனான், அவனைச் சுட்டாங்க. நீ ஓர்தேயாதோவா வளந்தே. அது போதும்னு இருந்தேன்."

பெனிக்னா முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, அந்த ஆள் தின்ற தட்டு தனக்கு வந்தது என்றும், அதைத் தொடவில்லை என்றும் சொன்னாள்.

"தொடலன்னா மணி எப்படி அடிச்சுது?"

"நான் தட்டைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். அப்புறந்தான் அடிச்சுது."

"மேசையில கடைசியாத் தின்னுற கங்காணியோட தட்டு காலியாகாம மணி அடிக்கக் கூடாது, அது கம்பெனி சட்டம்," என்றாள் தொமாசா. "சில நாள் எவுசேபியோ வேணும்னே மெதுவாத் தின்னு மரவெட்டிங்களை உக்காரவச்சிருப்பான். அவன் தட்டு காலியாகிற வரைக்கும் நான்தான் அவங்களுக்கு ஊத்திக்கிட்டே இருக்கணும். கஞ்சிக்கு மட்டும் அன்னிக்குக் கணக்கே இருக்காது."

மறுநாள் பெனிக்னா எல்லாருக்கும் முன்னால் போய்த் துணி மேசையில் உட்கார்ந்தாள். கறி வந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ரோகே தின்று முடித்து வாயைத் துடைத்தான், மணி அடிக்கவில்லை. பலகை மேசையில் குழந்தைகள் இரண்டாவது தட்டைக் காலி செய்தார்கள், மூன்றாவதை, ஐந்தாவதை. தட்டுகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. கதவு சாத்தியே இருந்தது.

"தின்னுடி, ஆறுது," என்றான் ரோகே.

"ஆறாது. நாப்பத்தோரு வருஷமா ஆறல."

"உன் ரத்தத்துக்குன்னு வந்த கறி அது."

"இப்பத்தான் என் ரத்தம் உன் கண்ணுக்குத் தெரியுதா? பொறுத்து உக்காரு, தம்பி. அதுங்க வயிறு ரொம்பட்டும்."

தம்பி என்ற சொல்லுக்கு ரோகேயின் முகம் செங்கல்லாகச் சிவந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். மூன்றாம் நாள் கைத்துப்பாக்கியோடு வந்து அதைத் துணியின் மேல் வைத்தான். பிறகு எழுந்துபோய் அவள் தாடையைப் பிடித்துத் திறந்து ஒரு துண்டுக் கறியைத் திணித்தான். அவள் விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. நான்கு மணிவரை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவனையே பார்த்தபடி இருந்தாள். பலகை மேசையிலிருந்து ஒருவரும் எழுந்து வரவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். இதை நான் மறைக்கப்போவதில்லை, நானும் குடித்தேன். நான்கு மணிக்கு, குழந்தைகள் தூங்கி விழ ஆரம்பித்த பிறகு, தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். மணி அடித்தது.

ரோகே ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள், அவனுடைய கடைசிப் பசுவும் விழுந்த பிறகு, இளைத்துப்போய் வந்து தன் இடத்தில் உட்கார்ந்து தின்றான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அப்படியே பதினான்கு மாதம் ஓடியது. எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கஞ்சி அவளுக்கு மண், கறியை அவள் தொடமாட்டாள். அம்மா இடித்துக் கொடுத்த அல்கரோபா மாவைத் தின்று உயிரோடு இருந்தாள். மணிக்கட்டு எலும்பு வெளியே வந்தது, முடி கொட்டியது. அதற்காக ஊர் அவளிடம் கனிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூடத்துக்குப் போகும் வழியில் அவளோடு யாரும் நடக்கவில்லை. வயிறு நிறைந்த பெண்கள் ஏப்பம் விட்டபடி, இராலா மகள் வெள்ளைத் துணியில் கைவைத்து ராணி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பதினான்கு மாதத்தில் போசோ அமார்கோவில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு, கூரைத் தகரத்தில் மழை விழுந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எல்லாரும் எழுந்து கதவுக்கு ஓடி, முட்டி, தள்ளிப் பார்த்தார்கள். ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும், பாத்திரங்களைத் திறந்து வைக்க வேண்டும். கதவு நகரவில்லை. பெனிக்னா வழக்கம்போலத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். தட்டு உடைந்தது, மணி அடிக்கவில்லை. புதுத் தட்டு வந்தது, அதில் கறி நிரம்பியது. அதையும் உடைத்தாள். இன்னொன்று வந்தது. ஐந்தாவது தட்டில் கை ஓய்ந்தது. ஐம்பது பேர் கதவோரம் நின்று அவளைப் பார்த்தார்கள்.

"சாப்பிடு பெனிக்னா," என்றான் அன்செல்மோ. கொஞ்சம் கழித்து, "சாப்பிடுக்கா," என்றான்.

அவள் முட்கரண்டியை எடுத்தாள். முதல் துண்டை விழுங்கும்போது கண்ணீர் வந்தது. இரண்டாவதை விழுங்கும்போது வரவில்லை. எல்லாவற்றையும் தின்றாள், ரொட்டியால் குழம்பைத் துடைத்துத் தின்றாள், எலும்பை உடைத்து உறிஞ்சினாள். ருசியாக இருந்தது, என்று பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அடிக்க வருபவள் மாதிரி இருப்பாள். மணி அடித்தது, கதவு திறந்தது. அவளைத் தாண்டிக்கொண்டு எல்லாரும் மழைக்குள் ஓடினார்கள், யாரும் நன்றி சொல்லவில்லை. ரோகேயும் ஓடினான். ஒருவர் மீதொருவருக்கு இருந்த வெறுப்பை அவர்கள் இருவரும் சாகும்வரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள்.

கூடம் அங்கேயேதான் இருக்கிறது. விளைச்சல் உள்ள வருஷங்களில் சாப்பாட்டுக்காக யாரும் போவதில்லை. ஆனால் பெனிக்னாவுக்குப் பிறகு ஊரில் இன்னும் நான்கு பேரைப் பெஞ்சு துணி மேசையில் உட்காரவிட்டதால், கல்யாணம் பேசுகிற வீட்டார் பையனையும் பெண்ணையும் முதலில் அங்கே ஒரு நடை அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் அன்செல்மோவின் பேத்தியும் அவளுக்குப் பார்த்த பையனும் போய்வந்தார்கள். இருவருக்கும் கஞ்சிதான் வந்ததாம், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்கள். ஜூனில் கல்யாணம்.